முதல் அரைமணி

“உன் சாமி உன்கிட்ட இருக்கட்டும். என் சாமி என்கிட்ட இருக்கட்டும். ஊட்டுக்குள்ள ரெண்டும் வேணாம். இன்னா சொல்றே?”

“சரி.”

“நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு சவுரி. அப்பறம் மனசு மாறினா பேஜாரு.”

“அதான் சரின்ட்டேனே. எத்தினி வாட்டி சொல்றது?”

குடியாத்தம் ரயிலடியில், ஆம்பூருக்குப் போகும் வண்டிக்காக நின்றபடி கன்னியப்பனும் சவுரியம்மாளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பதினோரு வருஷம் ஆகியும் அதில் ஒரு சொல்கூட அவளுக்கு மறக்கவில்லை.

இருவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் அவளுடைய தாத்தா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானார். அவனுடைய தாத்தா சேரவில்லை. வித்தியாசம் அதுதான். ஆனால் கல்யாணம் என்று வந்தபோது அந்த ஒரு வித்தியாசமே தெருவை இரண்டாகப் பிளந்தது. இனி உனக்கு அப்பன் இல்லை என்று அவள் வீட்டில் சொன்னார்கள். உன்னைத் தலைமுழுகிவிட்டோம் என்று அவன் வீட்டில் சொன்னார்கள். இரண்டு சாமியும் ஒன்றுசேர்ந்து தங்களைத் துரத்திவிட்டதாகவே கன்னியப்பனுக்குப் பட்டது. அதனால்தான் ரயிலேறும் முன்பே அந்தப் பேச்சைப் பேசி முடித்துவிட்டான்.

சவுரியம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆம்பூருக்கு மேற்கே பாலாற்றங்கரைப் பேட்டையில், தோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. மற்ற வீடுகளில் எல்லாம் ஏதோ ஒரு படமோ பிறையோ சிலுவையோ சுவரில் இருந்தது. இவர்கள் வீட்டுச் சுவரில் முறமும் சல்லடையும் தொங்கின. மார்கழியில் மாதாகோயில் மணி அடித்தாலும், தையில் தெருவெல்லாம் பொங்கல் பொங்கினாலும் அவள் அடுப்பில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்தான். அந்த நாட்களில் அவளுக்கு வேலை கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கும். இல்லாத வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வாள். கிடங்கில் அவள் ஆவாரம்பட்டை இடிப்பவள். மலைக்காட்டிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் பட்டையைக் காயவைத்து, உலக்கை போட்டு இடித்து, தோல் ஊறும் தொட்டிகளுக்கு அனுப்ப வேண்டும். பட்டைத் தூள் மூக்கில் ஏறி எரியும். உலக்கையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போது வலது கை தானாக நெற்றிக்குப் போகும். போன கை, வேர்வையை வழித்துவிட்டு இறங்கிவிடும். பக்கத்தில் இடிக்கும் எல்லம்மாளுக்குக்கூட அது சிலுவைக் குறியின் தொடக்கம் என்று தெரியாது.

கன்னியப்பன் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றான். தோலில் மயிர் கழல ஊறவைக்கும் தொட்டி அது. சுண்ணாம்பு அவன் பாதத்தை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சாயங்காலம் அவன் வந்து காலை நீட்டினால், வெடிப்புகளில் அவள் ஆமணக்கெண்ணெய் தடவுவாள். அந்த நேரத்தில் இருவரும் கிடங்குக் கதை பேசுவார்கள், மேஸ்திரியைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது குறையில்லாத வீடு. இரண்டு பக்கத்துக்கும் பொருந்தட்டும் என்று மகளுக்கு அமிர்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பது வயசு. யாராவது கேட்டால் அவள், “எங்க ஊட்ல சாமி கெடையாது, வேலை மட்டும்தான்” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சவுரியம்மாளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

அந்த வருஷம் தாலுக்கா போர்டு ஒரு தீர்மானம் போட்டது. கிடங்கின் மானேஜரும் போர்டு மெம்பருமான அப்துல் வஹீத் சாயபுதான் அதைக் கொண்டுவந்தவர். நல்ல மனுஷர். தோல் கிடங்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று படித்த நாளில், உள்ளே உட்காரவைத்தே ஆகவேண்டும் என்று சண்டை போட்டவரும் அவர்தான். படிக்கிற பிள்ளைகள் பீடி குடிப்பதையும், பொய் சொல்வதையும், கிடங்குக் கொல்லையில் ஆட்டுத்தோலைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதையும் பார்த்து அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. எழுத்தும் கணக்கும் மட்டும் சொல்லிக் கொடுத்தால் கெட்டிக்காரத் திருடர்கள்தான் வருவார்கள், கடவுள் பயம் சேர்ந்து வர வேண்டும் என்றார். தினமும் முதல் அரைமணி நீதிபோதனை. அவரவர் பிள்ளைக்கு அவரவர் மார்க்கப்படி. துலுக்கப் பிள்ளைகளுக்குக் கூடத்தில் முன்ஷி, இந்துப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் தலைமை வாத்தியார் சாமிநாதன், வேதக்காரப் பிள்ளைகளுக்குப் புங்கமரத்தடியில் உபதேசியார் ராயப்பன். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே மதத்தை எழுதினார்கள்.

அமிர்தத்தின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து, எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்று வாத்தியார் கேட்டுவரச் சொன்னதைச் சொன்னாள். களியை உருட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன் நிமிரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சவுரியம்மாள் குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். சொல்ல என்ன இருக்கிறது? ரயிலடியில் பேசி முடித்த பேச்சு, சர்க்கார் உத்தரவு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. அவன் எப்படியோ அதைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று நினைத்தாள்.

நாலு நாள் கழித்து எல்லம்மாள்தான் உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

“உம் பொண்ணு புங்கமரத்தடியில கண்ண மூடிக்கினு ஜெபம் சொல்லுது. கெட்டிக்காரிதாண்டி நீ. பதினோரு வருஷம் ஊமையாட்டம் இருந்து புருஷனை மடக்கிட்டியே.”

அன்று சாயங்காலம் எண்ணெய் தடவும்போது சவுரியம்மாள் கேட்டாள்.

“ந்தாய்யா, இன்னா எழுதச் சொன்னே?”

“வேதம்னு.”

“ஏன்?”

“இந்துப் பக்கம் போனா நம்ம புள்ளைய வாசலோரம் ஒக்கார வெப்பாங்க. வாத்யார் நல்லவரு, ஆனா ஊர்க்காரனுங்க உடமாட்டானுங்க. மரத்தடியில எல்லாரும் ஒரே மண்ணுலதான ஒக்கார்றாங்க.” அவள் முகத்தைப் பார்க்காமல் சேர்த்துச் சொன்னான்: “அதுவும் இல்லாம, உனக்கும் ஒரு ஆசை இருக்கும்ல.”

“நான் கேக்கலியே.”

“கேக்காட்டி இல்லேன்னு ஆயிடுமா?”

பண்டிகைக்குச் சேலை எடுத்து வந்து ஒளித்துவைத்தவன் போல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சவுரியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவனுக்குச் சொல்ல முடியாத அழுகை. தன் மௌனத்தை அவன் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பார்த்தும், அது மாதாகோயிலுக்கான ஏக்கம் என்று நினைத்துவிட்டான்.

அவள் கேட்க நினைத்தது வேறு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் மூச்சு நின்றது. ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. கன்னியப்பன் சனங்களின் சுடுகாட்டில் இடம் கேட்க, பேட்டையில் அவனுக்கு உறவு என்று ஒருவரும் இல்லை. கிடங்கிலிருந்து ஒரு மண்வெட்டி வாங்கி வந்தான். குழந்தையைத் தன் வேட்டியில் சுற்றி, தோளோடு அணைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் தனியாகப் போனான். பிள்ளை பெற்ற உடம்போடு அவள் எழுந்து வாசல்வரைதான் வர முடிந்தது. வெயில் ஏறியபின் அவன் திரும்பி வந்தான். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். “ஆச்சு” என்றான். மறுநாள் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய்விட்டான்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. முதலில், அவன் முகம் கேட்கிற மாதிரி இல்லை. அப்புறம், கேட்டால் அங்கே போக வேண்டியிருக்கும். போனால் தன் கை நெற்றிக்குப் போகும், வாய் எதையாவது சொல்லும், சொன்ன சொல் உடைந்துபோகும் என்று பயந்தாள். நாள் போகப் போக, இத்தனை நாள் கேட்காததை இன்றைக்கு எப்படிக் கேட்பது என்பதே பெரிய தடையாகிவிட்டது. பாலாற்றில் துணி துவைக்கப் போகும்போதெல்லாம் கரை நெடுகப் பார்ப்பாள். மணலும் நாணலும் ஒரே மாதிரி கிடக்கும். எந்த இடத்தில் காலை வைத்தாலும் மனசு கூசும்.

மரத்தடி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதனால் நல்லது நடக்கவில்லை என்று சவுரியம்மாளால் சொல்ல முடியாது. அமிர்தம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பத்துக் கட்டளையையும் ராகம் போட்டுச் சொல்வாள். கூடப் படிக்கும் பில்கிஸிடமிருந்து போன வருஷம் எடுத்துவைத்திருந்த பலப்பக் குச்சியை ஒருநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். “நான் அழுதுக்கினே குடுத்தேன்மா. அவ, இது எப்போ என்னோடதுன்னு கேக்கறா” என்று குறைப்பட்டாள். மகள் ஜெபம் சொல்லும்போது சவுரியம்மாளின் உதடு கூடவே அசையும். அதைக் கன்னியப்பன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல எழுந்து போவான். அவன் செய்தது சரிதானோ என்றுகூட அவளுக்கு இரண்டொரு தடவை தோன்றியது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தொட்டிகளில் மழைத் தண்ணீர் நிரம்பிவிட்டதால் ஒருநாள் கிடங்கில் மத்தியானமே வேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேரும் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பகலில் அப்படி வாய்ப்பது அபூர்வம். கன்னியப்பன் மேஸ்திரி சேற்றில் வழுக்கி விழுந்ததைச் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அடங்கியதும் அமிர்தம் கேட்டாள்.

“அம்மா, தம்பிக்கு ஞானஸ்நானம் குடுத்தீங்களா?”

சவுரியம்மாள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

“எந்தத் தம்பி?” என்றான் கன்னியப்பன்.

“பதினோரு நாள் இருந்தானே, அவன். எல்லம்மா பெரிம்மா சொல்லிக்கீது. நான் உபதேசியாரைக் கேட்டேன் நைனா. ஞானஸ்நானம் இல்லாத கொழந்த மோட்சத்துக்குப் போவாதாம். நரகத்துக்கும் போவாதாம். வேற ஒரு எடம் இருக்குதாம். அங்க அடி ஒதை ஒண்ணும் கெடையாது, ஆனா சாமியப் பாக்க முடியாதாம். நம்ம தம்பி அங்கதான் தனியாக் கீறானா?”

கன்னியப்பன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்தான். பார்த்தவன் கோபத்தை மறந்துவிட்டான். இந்தச் சேதி அவளுக்குப் புதிது இல்லை என்று அவள் முகம் சொல்லிற்று.

“உனக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“அன்னிக்கே தெரியுமா?”

“சின்ன வயசுலேர்ந்தே தெரியும். சாகக் கெடக்கிற கொழந்தைக்கு ஆரு வேணாலும் ஊத்தலாம். சாமியார் வரணும்னு இல்ல. தண்ணியும் ரெண்டு வார்த்தையும் போதும்.”

“அப்பறம் ஏன் ஊத்தல?”

சவுரியம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். அன்று விடிகாலையில் ஈரத் துணியால் குழந்தையின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தது அவள்தான். தண்ணீர்க் கிண்ணம் மடியிலேயே இருந்தது. கன்னியப்பன் எதிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு வார்த்தை. அவள் அவனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், ரயிலடியில் சொன்ன ‘சரி’யை நினைத்தாள். பொய் சொல்லக் கூடாது, கொடுத்த வாக்கைத் தவறக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே வேதம்தான்.

அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். மழையில் இறங்கி நடந்தான். எங்கே போகிறான் என்று அவள் கேட்கவில்லை. நனைந்து திரும்பி வந்தபோதும் கேட்கவில்லை. அன்று முதல் எண்ணெய் தடவும் நேரத்தில் கிடங்குக் கதையும் நின்றுபோனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல், கண்ணாடிச் சாமான் நிறைந்த வீட்டில் நடமாடுவதுபோல் நடமாடினார்கள்.

மறுநாள் கன்னியப்பன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றான். அமிர்தம் அழுது, சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். அவன் நேராக மானேஜரிடம் போனான். பட்டைக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த சவுரியம்மாள், அடுக்கியிருந்த தோல் அட்டிக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவன் நடந்ததை எல்லாம் சொல்லவில்லை; அந்த அரைமணியை எடுத்துவிடச் சொல்லுங்கள் சாயபு என்று மட்டும் சொன்னான்.

வஹீத் சாயபு கோபப்படவில்லை. பச்சைத் தோலை அப்படியே விட்டால் மூன்றாம் நாள் நாறிப்போகும், பட்டைச்சாறு உள்ளே இறங்கினால்தான் நிற்கும், பிள்ளைகளும் அப்படித்தான் என்றார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மேலே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு சின்ன வயசிலேயே இறங்க வேண்டும். யாருக்கும் பயப்படாதவன் எதற்குத் துணியமாட்டான்? பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நீயே சொல்லு கன்னியப்பா. உங்க ஊட்ல சாமியே கெடையாதுன்னு உம் பொண்ணு ஊரெல்லாம் சொல்லுது. ஆனா பதினோரு வருஷத்துல நீ ஒரு தோல் வார் எடுத்தது கெடையாது. நீ யாருக்குப் பயப்படறே?”

“என் பொண்டாட்டி மூஞ்சிக்கு சாயபு. தப்புப் பண்ணிட்டுப் போனா அந்த மூஞ்சியப் பாக்க முடியாது. இப்பக்கூடப் பாக்க முடியல.”

சாயபு சிரிப்பதை நிறுத்தினார். அவன் குரலில் ஏதோ இருந்தது. தீர்மானத்தை மாற்றத் தன் ஒருவனால் முடியாது, வெள்ளிக்கிழமை போய் தலைமை வாத்தியாரைப் பார், பிள்ளையை மட்டும் நிறுத்தாதே என்றார். சவுரியம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். பட்டைக் கொட்டகைவரை அவளுக்குத் தரை தெரியவில்லை.

சேதி எப்படியோ உபதேசியார் காதுக்கும் போயிருந்தது. ராயப்பன் ஒல்லியான மனுஷர். பழங்குடையும் செருப்பில்லாத காலுமாக மூன்று ஊருக்கு நடந்து போய்ப் பாடம் சொல்பவர். மறுநாள் மத்தியானம் பட்டைக் கொட்டகைக்கு வந்து, உள்ளே வராமல், தூறலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். எல்லம்மாள் விஷயம் தெரிந்தவள் போலத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

“அது எந்தத் தம்பியக் கேக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஏதோ கதைக்குக் கேக்குதுன்னு நெனச்சிட்டேன். பொஸ்தகத்துல இருந்ததச் சொன்னேன்.”

நீங்கள் பொய் சொல்லவில்லையே என்றாள் சவுரியம்மாள். தானும் படித்த பாடம்தான் அது.

“பொய் இல்லதான். ஆனா கோயில்ல ஒக்கார்ற ஒவ்வொரு புள்ளையோட ஊடும் எனக்குத் தெரியும். எந்த ஊட்ல இன்னா துக்கம்னு தெரியும். இன்னார் முன்னால இத இன்னிக்குச் சொல்லக் கூடாதுன்னு தெரியும். பள்ளிக்கூடத்துல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பேர் எழுதின காயிதத்தக் குடுத்து, சொல்லுன்றாங்க. சொல்றேன்.” குடையின் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். “என் அப்பாரு சொல்வாரு, பொஸ்தகத்துல எழுதினது நாம தெரிஞ்சிக்க, எழுதாத எரக்கம் ஆண்டவர்கிட்ட நெறைய இருக்குதுன்னு. அத நான் பாடமா நடத்த முடியாது. உங்கிட்ட சொல்லலாம்.”

அவர் போனபின் அவள் வெகு நேரம் உலக்கையைத் தொடவில்லை. ஆறு வருஷத்தில் தன் குழந்தையைப் பற்றி இன்னொருவர் அவளிடம் வந்து பேசிவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. கன்னியப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, நீயும் வா என்றான். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து ஓர் ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. அமிர்தம் முன்னால் நடந்தாள்.

தலைமை வாத்தியார் சாமிநாதன் அவர்களை உட்காரச் சொன்னார். அவர்கள் நின்றார்கள். கன்னியப்பன் முதலில், பிள்ளையை மரத்தடியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றான். அப்படியானால் என் வகுப்புக்கு வரட்டும் என்றார் வாத்தியார். எங்கே உட்காருவாள் என்று கன்னியப்பன் கேட்டான். வாத்தியார் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். நான் உள்ளேதான் உட்காரவைப்பேன், ஆனால் மறுநாள் எத்தனை பிள்ளைகள் வரும் என்று எனக்குத் தெரியாது என்றார்.

“எல்லாருக்கும் பொதுவா ஒரு எடம் கெடையாதா வாத்யாரே? திருடாதே, பொய் சொல்லாதேன்றது மூணு எடத்துலயும் ஒண்ணுதான?”

“ஒண்ணுதான்யா. நான் இருவது வருஷமா அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். கணக்கு நடத்தறப்போ சொல்வேன், சண்டைய வெலக்கறப்போ சொல்வேன். அப்ப யாரும் எழுந்து வேற ரூமுக்குப் போகல. இந்தப் புள்ளைங்களுக்கு யார் இன்னா சாமின்னு முன்னாடியும் தெரியும். தனித்தனியா எழுந்து போறதுக்கு இப்பத்தான் பழகியிருக்காங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா சாயபு சொல்றதையும் தள்ள முடியல. மரத்தடிக்குப் போன ரெண்டு பசங்க திருட்ட உட்டுட்டானுங்க. இன்னா செய்யச் சொல்றே?”

உத்தரவில் ஒரு வழி இருக்கிறது என்று அப்புறம் சொன்னார். பெற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் எந்த வகுப்பிலும் சேர்க்காமல் விடலாம். அந்த அரைமணி பிள்ளை வெளியே உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் முழுவதற்கும் அப்படி ஒரு பிள்ளைகூட இல்லை. இவள்தான் முதலாவதாக இருப்பாள். தனியாக இருப்பாளா என்று இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், ஒருவர் சொல்லி ஒருவர் மாற்றக் கூடாது என்றார்.

சவுரியம்மாள் மகளைப் பார்த்தாள். தனியாக இருப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அதை ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தன் வாயால் எப்படிக் கொடுப்பது? கன்னியப்பனும் மகளைப் பார்த்தான். பழைய வழக்கம், ஒருவர் சொல்லட்டும் என்று ஒருவர் நின்றார்கள். கடைசியில் அமிர்தமே சொன்னாள்.

“மணி கட்டியிருக்கற எடத்துல நான் ஒக்காந்துக்கறேன் நைனா. அங்கேர்ந்து மூணு பேர் சொல்றதும் கேக்கும். என்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து மட்டும் நிறுத்தாதீங்க.”

வாத்தியார் காகிதத்தில் எழுதினார். கன்னியப்பன் கட்டைவிரலில் மையைத் தடவி வைத்தான். வேதக்காரப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்திருந்த சவுரியம்மாள் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் வாத்தியார் ஒரு கோடு இழுத்தார். அமிர்தம் சிலேட்டோடு வகுப்புக்கு ஓடினாள். உள்ளே போவதற்குமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இருவரும் வெளியே வந்தார்கள். மழை விட்டு வெயில் வெளுப்பாக அடித்தது. பேட்டைக்குப் போகிற பாதை கொஞ்ச தூரம் ஆற்றை ஒட்டியே போகும். மேற்கே எங்கோ நல்ல மழை போலிருக்கிறது. நடு மணலில் கலங்கல் தண்ணீர் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் முன்னாலும் அவள் நாலடி பின்னாலும் நடந்தார்கள். கரை மேடு வந்ததும் கன்னியப்பன் நின்றான். திரும்பவில்லை.

“சவுரி. நீ கேக்காததை நானாக் குடுத்தேன். அது இப்படி ஆயிப்போச்சு.”

“நீ நல்லதுக்குத்தான செஞ்சே.”

“நீ கேட்டிருந்தா நான் அன்னிக்கு ஊத்தச் சொல்லியிருப்பேன். ஆயிரம் தடவ சொல்லியிருப்பேன். ஏன் கேக்காம இருந்தே?”

“வார்த்த குடுத்துட்டேனே.”

அவன் வெடிப்பு விட்ட காலால் ஈர மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். அந்த மழை நாள்முதல் இன்றுவரை பார்க்க முடியாமல் இருந்த முகத்தைப் பார்த்தான்.

“அந்த வார்த்தைய நான் திருப்பி எடுத்துக்கினேன். இன்னிக்குக் கேளு. கோயிலுக்குப் போவணுமா? ஊட்ல சிலுவ மாட்டணுமா? எதா இருந்தாலும் கேளு.”

“அதெல்லாம் இல்ல.”

“பின்ன இன்னா வேணும்?”

“கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்.”

“இருக்கட்டும். கேளு.”

சவுரியம்மாள் ஆற்றைப் பார்த்தாள். ஆறு வருஷமாக உள்ளுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்த சொற்கள், வெளியே வரும்போது அவளுக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டன.

“நம்ம புள்ளைய எங்க பொதச்சே? என்னை இட்டுக்கினு போய் அந்த எடத்தக் காட்டு.”